நொடிக்குள் சூடேறும் படிகம்: வெப்பநிலையை அளப்பது எப்படி?

கேள்வி: லேசர் ஒளி பட்ட படிகத்தின் வெப்பநிலையை எலெக்ட்ரான் விளிம்பு விளைவைக் கொண்டு அளக்கிறார்கள் என்று படித்தேன். எதையும் தொட்டுப் பார்க்காமல் இது எப்படி இயலும்?
– இயற்பியல் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: உங்கள் ஊர்த் தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் நின்று பாருங்கள். மர வரிசைகளுக்கு இடையே சில திசைகளில் அகலமான சந்துகளும், சில திசைகளில் குறுகலான சந்துகளும் தெரியும். ஆடி மாதக் கணவாய்க் காற்று மரங்களை ஆட்டும்போது குறுகலான சந்துகளே முதலில் மறைகின்றன. படிகத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. படிகத்தின் மீது பாய்ச்சும் எலெக்ட்ரான்கள் அணுத் தளங்களில் (அணுக்கள் ஒழுங்காக அமைந்த அடுக்குகளில்) சிதறி, திரையில் புள்ளிகளாக விழுகின்றன; இதுவே எலெக்ட்ரான் விளிம்பு விளைவு. அணுக்கள் சூட்டால் அதிர அதிர அப்புள்ளிகள் மங்குகின்றன. நெருக்கமான தளங்களுக்குரிய, மையத்திலிருந்து தள்ளி விழும் புள்ளிகள் கூடுதலாக மங்குகின்றன. பீட்டர் டிபை 1913இலும் இவார் வாலர் 1923இலும் வகுத்த கணக்கின்படி, புள்ளிச் செறிவின் மடக்கை குறையும் அளவு, அணுக்களின் சராசரி இருபடி இடப்பெயர்ச்சிக்கு (அவை தம் இடத்திலிருந்து விலகும் தொலைவின் இருபடியின் சராசரிக்கு) நேர்விகிதத்தில் இருக்கும். அந்த இடப்பெயர்ச்சியோ, மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை விட்டுவிட்டால், வெப்பநிலையோடு சேர்ந்தே உயரும். ஆகவே அதே படிகத்தை முதலில் மெதுவாகச் சூடாக்கி, வெப்ப மின்னிரட்டை (இரு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை உணரி) காட்டும் எண்ணோடு மங்கலை ஒப்பிட்டு வரைகோடு ஒன்றை வரைந்துகொண்டால், அதுவே வெப்பமானி ஆகிவிடுகிறது.

சூடாக்கிய எவ்வளவு நேரத்துக்குப் பின் அளக்கிறோம் என்ற நேரக் கணக்கும் எளிது. ஒரே லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றால் படிகத்தைச் சூடாக்கி, மற்றொன்றை உலோகப் பரப்பில் பாய்ச்சி எலெக்ட்ரான் துடிப்பை உண்டாக்குகிறார்கள். ஒளி 1 பிக்கோ வினாடியில் (வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கில்) 0.3 மில்லிமீட்டர் செல்வதால், கண்ணாடிகளை நகர்த்திப் பாதையை நீட்டினாலே வேண்டிய தாமதம் கிடைத்துவிடும். டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2003இல் இம்முறையில் 20 நானோமீட்டர் அலுமினியப் படலம் 3.5 பிக்கோ வினாடியில் உருகுவதைக் கண்டது.

ஆனால் கிடைக்கும் எண்ணை உடனே வெப்பநிலை என்று அழைப்பது சரியன்று என்பதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். உலோகத்தில் லேசர் ஆற்றலை முதலில் பெறுபவை எலெக்ட்ரான்கள். அவை அதனை அணு அதிர்வுகளுக்குக் கைமாற்றும்போது சில அதிர்வு வகைகள் முந்திச் சூடேறுகின்றன, மற்றவை பின்தங்குகின்றன. அந்த இடைவேளையில் மங்கல் காட்டுவது அதிர்வின் அளவை மட்டுமே. எல்லா வகைகளும் ஆற்றலைப் பகிர்ந்து சமநிலை எய்திய பின்னரே அதற்கு வெப்பநிலை என்ற பெயர் பொருந்தும். படலம் சற்றே சாய்ந்தாலும் ஒற்றைப் படிகத்தின் புள்ளிகள் மங்கக்கூடும் என்பதால், ஒரு புள்ளியை மட்டும் நம்பாமல், பல புள்ளிகளின் மடக்கைக் குறைவைத் தள இடைவெளியின் தலைகீழ் இருபடிக்கு எதிராக வரைந்து, அது நேர்கோடாக அமைகிறதா என்று பார்த்த பிறகே எண்ணை ஏற்க வேண்டும்.