பிடிக்காத நல்ல ஆட்டம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ரோல்பிளே விளையாட்டுகளை, அதாவது ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் இரண்டு இடங்கள் எனக்கு இடிக்கின்றன. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்காக எழுதப்பட்ட ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கல்லறைச் சாகசம் உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆனால் நல்ல படைப்பு என்கிறீர்கள். ‘கால் ஆஃப் க்துலூ’ என்ற திகில் துப்பறியும் ஆட்டத்தைப் பல ஆண்டுகளாக விரும்பி ஆடுகிறீர்கள், ஆனால் அதில் பெரிய ஓட்டை இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். “இரவு முழுக்கச் சிரித்தோம் என்றால் அது நல்ல ஆட்டம், மிச்சமெல்லாம் பண்டிதத்தனம்” என்பது நால்வரின் கட்சி. ஐந்தாவது ஆள் நான். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரசனைக்கு வெளியே தரம் என்று ஒன்று உண்டா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் சிரித்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதனால் சிரித்தார்கள் என்றுதான் கேட்கிறேன். பல வருடம் பழகிய ஐந்து பேர், ஒரு தட்டு பஜ்ஜி, மறுநாள் விடுமுறை. இவை கூடிவிட்டால் ரயில்வே கால அட்டவணையை நடுவில் வைத்துக்கொண்டுகூடச் சிரிக்கலாம்.

இந்த விளையாட்டில் இந்தக் குழப்பம் பிறவிக் குணம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டபோது பெட்டிக்குள் இருந்தவை மூன்று சிறு புத்தகங்கள். அவற்றைப் படித்து மட்டும் ஆடத் தொடங்குவது கடினம். போர் விளையாட்டுகளில் ஊறியவர்கள் இடைவெளிகளைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். அன்று முதல் கேம் மாஸ்டரின், அதாவது ஆட்டத்தை நடத்துபவரின், சாமர்த்தியம் புத்தகத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவருகிறது. நான் ஆட்டத்தை நடத்தும்போது, விதியை ஓரம் தள்ளிவிட்டு வாயால் சமாளிக்கிற ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். இரவு அருமையாக அமைந்து, கோடுகளும் பத்தைத் தாண்டியிருந்தால், பாராட்டு எனக்கு வரவேண்டும், புத்தகத்துக்கு அல்ல. (இப்படிக் கோடு போடுவதால்தான் என்னை யாரும் விருந்தாளியாக ஆட அழைப்பதில்லை என்று நினைக்கிறேன்.)

‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ விஷயத்துக்கு வருகிறேன். கைகாக்ஸ் அதை 1975இல் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டில் போட்டிக்காக நடத்தினார். 1978இல் புத்தகமாக வந்தது. தங்கள் பாத்திரத்தின் பலத்தை நம்பி மார்தட்டும் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் திணறடிப்பதுதான் நோக்கம். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பச்சைப் பிசாசு முகம், திறந்த வாய், உள்ளே கும்மிருட்டு. அதற்குள் தவழ்ந்து போனவர் இல்லாமல் போகிறார். தப்பிக்கப் பகடை உருட்டும் சலுகையும் கிடையாது. அநியாயம் போலத் தோன்றும். ஆனால் அதே தாழ்வாரத்தின் தரையில் ஒரு புதிர்ச் செய்தி ஒளிந்திருக்கிறது. முடிந்தால் பச்சையை விலக்கு என்று அதில் வருகிறது. ஆட்டக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு படப் புத்தகமும் உண்டு. பார், யோசி, பிறகு கை வை. சண்டைபோடக் கிடைக்கும் அரக்கர்கள் மிகக் குறைவு. எடுத்துக்கொண்ட காரியத்துக்கு வேண்டாத அறை என்று அதில் எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

எனக்கு ஏன் பிடிக்கவில்லை? பொறிக்குப் பயந்து இரண்டு மணி நேரம் பத்தடிக் கழியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தேன். என் பாத்திரத்துக்கு ஒரு தங்கை இருந்தாள், ஒரு கடன் இருந்தது. அதை யாரும் கேட்கவே இல்லை. கேட்கவேண்டிய இடமும் அது அல்ல. தவறான கடையில் போய் உட்கார்ந்தவன் நான்தான்.

க்துலூ விஷயம் இதற்கு நேர் எதிர். சாண்டி பீட்டர்சன் உருவாக்க, கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஆட்டம். அதில் ஒரு விதி எனக்கு மந்திரம் மாதிரி. தடைசெய்யப்பட்ட நூல்களைப் படித்தால் ‘புராண ஞானம்’, அதாவது மனிதர் அறியக்கூடாத பயங்கரத் தெய்வங்களைப் பற்றிய அறிவு, கூடும். அது எவ்வளவு கூடுகிறதோ, மனநலப் புள்ளிகளின் உச்சவரம்பு 99இலிருந்து அவ்வளவு குறையும். குணமடையலாம், ஆனால் பழைய உயரத்துக்குத் திரும்ப முடியாது. ‘அறிந்தால் அழிவாய்’ என்று வர்ணனையில் எழுதுவது எளிது. இங்கே கழித்தல் கணக்கே அதைச் செய்துவிடுகிறது.

அந்த ஆட்டத்திலேயே, துப்பு கிடைக்கவும் பகடைதான். நூலகத்தில் தேடும் திறன் 40 என்றால், நூறுக்குள் உருட்டி 40 அல்லது அதற்குக் கீழே விழவேண்டும். அதே திறன் கொண்ட நான்கு பேர் தேடி நால்வரும் தோற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 13 விழுக்காடு. கதை அந்த ஒரு துப்பில் தொங்கினால், எட்டு இரவுகளில் ஓர் இரவு நூலக வாசலிலேயே முடிந்துவிடும். அந்த இரவுகளில் நான் என்ன செய்தேன்? நூலகரை விட்டு இரும வைத்து, தற்செயலாக ஒரு கடிதம் கீழே விழும்படி செய்தேன். நோட்டில் கோடு. ஏழாம் பதிப்பில், தோற்ற பகடையை ஆபத்தை ஏற்றுக்கொண்டு மறுபடி உருட்ட வழி வைத்தார்கள். ஓட்டை என் கற்பனை என்றால் அந்த ஒட்டு எதற்கு? 2008இல் வந்த ‘டிரெயில் ஆஃப் க்துலூ’ துப்புத் தேடுவதில் பகடையையே எடுத்துவிட்டது. துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் வகுத்த கம்ஷூ என்ற விதிமுறையில் கென்னத் ஹைட் எழுதியது. உரிய திறன் இருந்து, உரிய இடத்தில் தேடினால் துப்பு கையில். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்பதுதான் ஆட்டம்.

துப்பறியும் ஆட்டமாக அது மேல். நடத்திப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனாலும் பழையதற்கே திரும்புகிறேன். இரண்டு பத்துமுகப் பகடைகள் மேசையில் உருளும்போது எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்களே, அந்த நொடிக்காக. இதைத் தரம் என்று யாரிடமும் வாதிட மாட்டேன். அது என் நாக்கு.

தரமும் ரசனையும் சுத்தமாகப் பிரிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஓர் ஆட்டம் தன் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்று மேசையில் பார்த்துவிடலாம். அந்த நோக்கம் நம் சனிக்கிழமைக்குத் தகுந்ததா என்று கேட்டவுடன் ரசனை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. அங்கே உங்கள் நால்வரும் சொல்வது சரிதான்.

அவர்களோடு வாதிடவேண்டாம். அடுத்த முறை நோட்டை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். எத்தனை விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள். யாராவது ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ நடத்தினால் சொல்லி அனுப்புங்கள், வேடிக்கை பார்க்க வருகிறேன். கழியை மட்டும் என் கையில் கொடுக்காதீர்கள்.