ட்யூன் செய்த டர்போ எஞ்சினில் ஹெட் கேஸ்கட் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

கேள்வி: "என் டர்போ பெட்ரோல் காரை ரீமேப் செய்ய ஆசை. ஹெட் கேஸ்கட் தாங்குமா? முன்கூட்டியே தடிமனான மெட்டல் கேஸ்கட் போட்டுவிட்டால் பயமில்லாமல் பூஸ்ட் ஏற்றலாமா?"

தாங்கும். தடிமனான கேஸ்கட் வேண்டாம். இந்த இரண்டு வரிக்காக நான் பதில் எழுத வரவில்லை. "கேஸ்கட் சரியில்லை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, அதற்காகத்தான் எழுதுகிறேன். புதியவர்களுக்கு: ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உட்காரும் அடைப்புத் தகடு. ரீமேப் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள மேப்பை மாற்றி எழுதுவது, பூஸ்ட் என்றால் டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு எஞ்சின் மெஷின் ஷாப்பில் ஹெட் பேசிங், பிளாக் பேசிங் (கேஸ்கட் உட்காரும் முகத்தை மெஷினில் மட்டமாகச் சீவுவது), போரிங் (சிலிண்டரைக் குடைவது) வேலை பார்க்கிறேன். கேஸ்கட் போன எஞ்சின்கள் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேரும். கேஸ்கட்டே குற்றவாளியாக இருந்த எஞ்சினைப் பார்ப்பது அபூர்வம். அது அடிவாங்கிய இடம், அவ்வளவுதான். அடித்தது வேறு ஒன்று.

உங்களுடையது ஊரில் ஓடும் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ கார் என்றுதான் நினைக்கிறேன். யாரோ "ஸ்டேஜ் 1 (முதல்கட்ட ரீமேப்) போட்டால் கேஸ்கட் பறந்துவிடும்" என்று பயமுறுத்தியிருப்பார்கள். உங்கள் காருக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் தினமும் பார்க்கும் எஞ்சினைச் சொல்கிறேன், விஷயம் அதில்தான் பெரிதாகத் தெரியும்.

நிஸ்ஸான் பேட்ரோல் ஒய்61 என்ற பெரிய எஸ்யூவி, அதில் டிபி48 எஞ்சின். 4.8 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். கம்பெனியிலிருந்து டர்போ இல்லாமல்தான் வந்தது. வளைகுடாப் பையன்கள் அதில் பெரிய டர்போவை மாட்டி 1000 குதிரைசக்திக்கு மேலே கொண்டுபோய், அபுதாபி லிவாவில் சுமார் 300 மீட்டர் உயர மொரீப் மணல்மேட்டில் ஏற்றுவார்கள். அந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 99.5 மில்லிமீட்டர். எரியும்போது உள்ளே 100 பார் அழுத்தம் வந்தால், ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 8 டன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 8 டன்னையும் எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியுள்ள ஹெட் போல்ட்கள். கேஸ்கட் எதையும் பிடிப்பதில்லை. இரண்டு முகங்களும் அதை நசுக்கிக்கொண்டிருக்கும் வரை அடைக்கும், பிடி தளர்ந்தால் விட்டுவிடும்.

போல்ட்டின் இழுவிசையை அழுத்தம் ஒரு நொடித்துளி தாண்டினாலும் போதும், குக்கர் வெயிட் தூக்கிக்கொள்வது மாதிரி ஹெட் லேசாகத் தூக்கி, எரிந்த கேஸை, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் ஓடும் பாதைக்குள் விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். இதில் சங்கடம் என்னவென்றால், கராஜில் ஐடிலில் எல்லாம் நன்றாகவே இருக்கும். கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டவுன் என்று சிலிண்டர் கசிவைப் பார்க்கும் டெஸ்ட் எல்லாம் நார்மல், சைலன்ஸரில் புகை கிடையாது. முழு பூஸ்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால்தான் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகும், கூலன்ட் ரிசர்வ் டேங்க் பொங்கும்.

இன்னொன்று வெப்பம். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 600 மில்லிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், தடையில்லாமல் விட்டால், பிளாக்கைவிட அரை மில்லிமீட்டர் அதிகம் நீளும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கேஸ்கட்டின் மேல் அந்தத் தேய்ப்பு நடக்கிறது. முகம் சொரசொரப்பாக இருந்தால் மேலிருக்கும் ரப்பர் பூச்சை அதுவே சுரண்டி எடுத்துவிடும். அதனால்தான் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்கு, அதாவது எம்எல்எஸ்ஸுக்கு, முகம் 1.3 மைக்ரான் ஆர்ஏ (சராசரி சொரசொரப்பின் அளவு; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அல்லது அதைவிட வழவழப்பாக வேண்டும் என்கிறார்கள். பழைய காம்போசிட் கேஸ்கட் கொஞ்சம் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டீல் பொறுக்காது.

சரி, இப்போது ஒரு பேட்ரோல் வண்டியின் கதை. வேறொரு கராஜில் கேஸ்கட் மாற்றி மாற்றி அலுத்துப்போய், கடைசியில் அதன் ஹெட் மட்டும் எங்களிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு பிராண்ட், ஒவ்வொரு முறையும் விலை கூடியது. ஓனர் சின்னப் பையன், நல்ல மரியாதையான பையன். லிவா சீசன் நெருங்குகிறது என்று பதற்றத்தில் இருந்தான். அனுப்பியவர்கள் ஹெட்டை மட்டும் கழற்றிக் கொடுத்து, "லைட்டாக ஒரு கட் எடுத்துக் கொடுங்கள்" என்றார்கள். ஹெட்டின் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஏற்கெனவே யாரோ கை கிரைண்டரில் டிஸ்க் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வட்ட வட்டமாகப் பள்ளம். அந்த டிஸ்க் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்குகளையும் தின்றுவிடும், அது தனிக் கதை.

ஹெட்டைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. நான் கேட்டது, "பிளாக் எங்கே?" எங்கள் ஃபோர்மேன் சேட்டன், "அவர்கள் கேட்டதைச் செய்து கொடு, பிளாக்கை இறக்கினால் அவர்களுக்கு ஒரு வாரம் போகும்" என்றார். அவர் மேல் தப்பில்லை, வேலை அப்படித்தான் வருகிறது. ஆனால் நான் விடவில்லை. வளைவு பார்க்கும் நேர்ச்சட்டமான ஸ்ட்ரெயிட் எட்ஜையும், மெல்லிய பிளேடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜையும் எடுத்துக்கொண்டு அந்த கராஜுக்கே போய், வண்டியில் இருந்த பிளாக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது, ஆறாவது சிலிண்டருக்கு நடுவில் 0.10 மில்லிமீட்டர் பிளேடு தாராளமாக நுழைந்தது. ஒவ்வொரு முறையும் கேஸ்கட் எரிந்த இடமும் அதேதான். ஓனர் பையனைக் கூப்பிட்டு அவன் கையாலேயே பிளேடை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, பிளாக் இறங்கியது.

இறக்கியபோது இன்னும் இரண்டு விஷயம் கிடைத்தது. ஹெட் போல்ட் ஓட்டைகளின் அடியில் பழைய ஆயிலும் கூலன்ட்டும் கெட்டியாக நின்றிருந்தது. அதன்மேல் போல்ட் இறங்கினால் திரவத்தில் முட்டி நிற்கும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், ஆனால் ஹெட்டுக்குப் பிடி கிடைத்திருக்காது. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. மரை அழுக்காக இருந்தாலும், சொன்ன லூப்ரிகன்ட்டை விட்டு வேறு எதையாவது தடவினாலும், ரெஞ்சில் தெரியும் எண் ஒன்று, போல்ட்டில் ஏறும் இழுவிசை வேறொன்று. இரண்டாவது விஷயம் பிஸ்டன். ஓரத்தில் மணல் அடித்த மாதிரி பொடிப்பொடியாகக் குழி. அது நாக் அடித்த அடையாளம். எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை, தீ வந்து சேரும் முன் தானாக வெடித்து, அழுத்தம் ஊசிமாதிரி எகிறும்போது முதலில் அடிவாங்குவது சிலிண்டரைச் சுற்றி அடைக்கும் வளையமான கேஸ்கட்டின் ஃபயர் ரிங்.

மேப் எழுதிய ட்யூனரிடம் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது. "என் மேப் பற்றி மெஷின் ஷாப்காரன் பேசுவதா" என்றார். எஞ்சின் ஓடும்போது பதிவான லாக் எடுத்துப் பார்த்தபோது மேல் ஆர்பிஎம்மில் ஃபியூயல் பிரஷர் சரிந்துகொண்டிருந்தது. பம்ப் போதவில்லை, கலவை லீனாகி, அதாவது அதில் பெட்ரோல் குறைந்து, நாக் வந்திருக்கிறது. அவர் மேப் எழுதியது தப்பு என்று நான் சொல்லவே இல்லை, இப்போதும் சொல்லவில்லை. பம்ப்பை மாற்றி, பிளாக்கையும் ஹெட்டையும் மெஷினில் பேசிங் செய்து, மரைகளைச் சுத்தம் செய்து, போல்ட்டுக்குப் பதில் நல்ல ஸ்டட் போட்டு, நடுவிலிருந்து வெளியே மூன்று கட்டமாக முறுக்கி ஏற்றினோம். கேஸ்கட் அவர்கள் கடைசியாகப் போட்டு "மட்டம்" என்று திட்டிய அதே பிராண்ட்தான். அந்த சீசன் முழுவதும் மணலில் ஏறி இறங்கியது, ஹெட்டைத் திறக்கவில்லை.

இங்கே கொஞ்சம் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன் நான். ஒரு நூறு மைக்ரானுக்கு வாதாடி எஞ்சினைக் காப்பாற்றுகிறேன். என் விசாவில் இன்றுவரை "ஹெல்பர்" என்றுதான் இருக்கிறது. சான்றிதழை அட்டெஸ்ட் செய்து கொடுத்தும் மாற்றித் தரவில்லை. வேறு இடத்துக்கு இன்டர்வியூ போனால் பேப்பரில் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள். வளைகுடாவுக்குக் கிளம்பும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், ஆஃபர் லெட்டரில் வேலையின் பெயரைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"அப்படியென்றால் கம்பெனிகளே கேஸ்கட்டில் சொதப்பியதில்லையா" என்று கமென்டில் கேட்பீர்கள். உண்டு. ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் ஹெட் கேஸ்கட் பிரச்சினை வந்து 2018ல் கம்பெனியே மாற்றிக் கொடுத்தது. பழைய டொயோட்டா சுப்ராவின் 7எம்-ஜிடிஇ எஞ்சினில் ஹெட் போல்ட் முறுக்கே குறைவு என்று அதைத் திறந்தவர்கள் பலரும் சொல்வார்கள், கூடுதலாக முறுக்கித்தான் ஓட்டுகிறார்கள். இரண்டாவது கதையும் பிடியைப் பற்றியதுதான், கவனியுங்கள்.

இப்போது உங்கள் கார். தடிமனான கேஸ்கட் போட்டால் கம்ப்ரஷன் கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கலவையை நசுக்கிச் சுழற்றும் இடைவெளி அகன்று, எரிப்பு மந்தமாகி, நாக் குறைய வேண்டிய இடத்தில் கூடவும் வாய்ப்புண்டு. கம்பெனி இறுக்கி அனுப்பிய நல்ல ஹெட்டைச் சும்மா கழற்றுவது அதைவிடப் பெரிய ரிஸ்க். அளவான ஸ்டேஜ் 1க்கு அதைத் தொடவே வேண்டாம். நீங்கள் தினமும் உண்மையில் போடப்போகும் பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லுங்கள். 95 ஆக்டேனுக்கு (நாக்கைத் தாங்கும் தரம்) எழுதிவிட்டு வெளியூரில் கிடைத்ததைப் போட்டு முழு த்ராட்டிலில் மிதிப்பதுதான் கேஸ்கட்டைக் கொல்லும்.

அப்புறம் ஊரில் நான் அதிகம் பார்த்த கொடுமை, ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவது. உப்புத் தண்ணீர் அலுமினிய ஹெட்டின் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரித்துக் குழியாக்கும். அந்தக் குழி கேஸ்கட் உட்காரும் இடம் வரை வந்துவிட்டால் ட்யூன் செய்யாத காரிலும் லீக் ஆகும். கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.

ஏற்கெனவே கூலன்ட் குறைந்துகொண்டிருந்தால் ரீமேப்பைத் தள்ளிப் போடுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவ டெஸ்ட் மலிவானது, எரிந்த கேஸ் கூலன்ட்டில் கலந்தால் மஞ்சளாகிவிடும். ஆனால் முழு பூஸ்ட்டில் ஓட்டியபின், மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆறியதும் செய்யச் சொல்லுங்கள், ஓட்டாமல் ஐடிலில் மட்டும் செய்தால் தப்பித்துவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூடாகத் திறக்காதீர்கள், மூடிக்கு அடுத்துள்ள ஹோஸை முதலில் தொட்டுப் பாருங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால், ஹெட்டோடு பிளாக்கின் மேலும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். எந்தக் கார், எந்த வருட மாடல் என்று கமென்டில் போட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் நேரம் கிடைக்கும்.