முதிரை மரத்துக்கு எந்த ரவுட்டர் பிட்?

திருகோணமலையில் கதவு, நிலை, ஜன்னல் செய்து பிழைக்கிறவன் நான். ரவுட்டர் என்பது மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டுகிற மெஷின், அதில் பூட்டிச் சுழலும் வெட்டுமுனைதான் பிட். அது பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

அண்ணை, 35 பிட் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (நிலாவெளி)

முப்பது பிட் பெட்டியிலேயே உறங்கும் தம்பி. நேர்வெட்டு ஒன்று, பெயாரிங் வைத்தது ஒன்று, விளிம்பை உருட்ட ஒன்று. அதே காசுக்கு இந்த மூன்றையும் நல்லதாக வாங்கும்.

நல்ல பிட் என்று கடையில் வைத்தே எப்படி அறிவது? (கிண்ணியா)

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிட்டின் வெட்டு வாயில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் துண்டுதான் காபைட், உருக்கைவிடக் கடினமானது. அது தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு என்றால் நாலு தரம் தீட்டத் தாங்காது. உருக்கும் காபைட்டும் சேருகிற கோட்டை நன்றாகப் பாருங்கள். அங்கே ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 20,000 சுற்றில் அந்தத் துண்டு கழன்றால் எங்கே போகும் என்று யார் கண்டது? பெயாரிங்கை விரலால் சுற்றினால் கரகரக்கக் கூடாது. சிவப்புப் பூச்சு, மஞ்சள் பூச்சு எல்லாம் வெறும் அலங்காரம்.

மெஷினில் பூட்டுகிற தண்டு கால் அங்குலமா, அரை அங்குலமா? (மூதூர்)

மெஷின் ஏற்றால் அரை அங்குலம்தான். தடிப்பு இரண்டு மடங்கு என்றால், வளையாமல் நிற்கிற பலம் 16 மடங்கு. வைரம் பாய்ந்த மரத்தில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். ட்ரிம்மர் என்கிற சின்ன ரவுட்டர்தான் இருக்கிறதா? சரி, ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் இறக்க வேண்டாம்.

இன்னொன்று. கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர். அந்த அளவுக் கொலெட்டில் (தண்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) 6 மில்லிமீற்றர் தண்டைப் போட்டு இறுக்காதீர்கள். நான் ஒருநாள் அவசரத்தில் போட்டேன். முதிரை நிலையில் 8 மில்லிமீற்றர் ஆழத்தில் தொடங்கிய பள்ளம், மறுமுனையில் 14 ஆகியிருந்தது. பிட் மெல்ல மெல்ல வழுகி இறங்கியிருக்கிறது! ஒட்டுப் போட்டு மறைத்தேன். இன்றைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போனால் கண் முதலில் அங்கேதான் போகும்.

முதிரை பிய்கிறது, கருகவும் செய்கிறது. பிட் மோசமா? (தம்பலகாமம்)

பிட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதிரையின் நார் ஓர் அடுக்கில் இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கில் அந்தப் பக்கமும் சாய்ந்திருக்கும். மினுமினுப்பும் அதனால்தான், பிய்வதும் அதனால்தான். கடைசி வெட்டை அரை மில்லிமீற்றருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருகினால், ஒன்றில் வாய் மழுங்கியிருக்கும், அல்லது நீங்கள் நடுவில் நின்று யோசித்திருப்பீர்கள். இரண்டு அங்குல அகலப் பிட் என்றால் வேகத்தை 12,000 அளவுக்குக் குறையுங்கள். அப்புறம், முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிக்கும். முகமூடியோடு முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.

தேக்குக்கு? (உவர்மலை)

காபைட்தான். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு. வெறும் உருக்கு பிட் சீக்கிரம் மழுங்கிவிடும். சாவண்டலை கிடைத்தால் அதிலும் பழகிப் பாருங்கள். ஹல்மில்ல என்று சிங்களத்தில் சொல்வதும் அதுதான். ஆங்கிலத்தில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர், நாம்தான் மறந்துவிட்டோம்.

கடற்காற்றில் தண்டு துருப்பிடிக்கிறது. (சாம்பல்தீவு)

வேலை முடிந்ததும் பிசினைக் கழுவி, காயவைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். பூட்டுவதற்கு முன் அந்த எண்ணெயை மறக்காமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் கதைதான். தீட்டும்போது பெயாரிங்கைக் கழற்றி, தட்டையான உள்முகத்தை மட்டும் வைரத் தகட்டில் தேயுங்கள். இந்தப் பக்கம் பத்து இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் பத்து. வெளி விளிம்பைத் தொட்டால் அளவு போய்விடும்.