ஸ்கேனர் பேட்டரி ஏன் ஒரு வருஷம்கூடத் தாங்குவதில்லை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். செம்பனை ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஈப்போ, கோலகங்சார் பக்கத்து அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க ஒரு கையடக்க ஸ்கேனர், அதாவது அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ரேடியோ, வைத்திருக்கிறேன். நான்கு டபுள் ஏ பேட்டரி போடும் வகை. மாலையில் மூன்று மணி நேரம் கேட்பேன். படுக்கப் போகும்போது ஸ்கேனரிலேயே சார்ஜர் ஒயரைச் செருகிவிடுவேன். புதிதில் இரண்டு மூன்று நாள் தாங்கியது. இப்போது காலையில் எடுத்துப் பார்த்தால் திரையில் பேட்டரிக் கோடெல்லாம் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினதும் பீப் அடித்து அணைந்துவிடுகிறது. இரண்டு பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்த்தேன், பசார் மாலாமில், இரவுச் சந்தையில், 4800 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளும் அளவு, மில்லிஆம்ப் மணி) என்று போட்டிருந்ததை. பிரயோசனமில்லை. ஒவ்வொரு தடவையும் முழுசாகக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் பண்ண வேண்டும் என்கிறார் நண்பர். லித்தியம் பேட்டரிக்கு மாறிவிடலாமா?

பதில்: ஐயா, உங்கள் பேட்டரிகள் நீங்கள் கேட்டுக் கேட்டுச் சாகவில்லை, சார்ஜ் ஏறி ஏறித்தான் செத்திருக்கின்றன. நீங்கள் எழுதியதிலேயே அதற்கான அடையாளம் இருக்கிறது. கோடு முழுசாகக் காட்டுகிறது, சத்தம் கூட்டினால் அணைகிறது. பேட்டரியின் உள்ளே இருக்கும் மின்தடை ஏறிப்போனால் இப்படித்தான் நடக்கும். சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாக இருக்கும். ஸ்பீக்கர் கொஞ்சம் அதிகம் கேட்டதும் வோல்ட் சட்டென்று விழும். விழுந்த வோல்டைப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஸ்கேனர் முடிவு பண்ணிவிடும்.

தடை ஏன் ஏறுகிறது என்றால், உள்ளே இருக்கும் ஈரம் வற்றுகிறது. நீங்கள் போடுவது போன்ற, சார்ஜ் ஏறும் டபுள் ஏ பேட்டரி பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. அது நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டிருந்தால், அந்த மின்சாரம் சேமிப்பாக மாறுவதில்லை. வாயுவும் சூடுமாக மாறுகிறது. கொஞ்சம் என்றால் பேட்டரி அதை உள்ளேயே சரிசெய்துகொள்ளும். இரவுதோறும் நடந்தால் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகும்.

உங்கள் வழக்கத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல கையடக்க ஸ்கேனர்களில் இருக்கும் சார்ஜிங், பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. நேரத்தை மட்டும் பார்க்கும். 14 மணி நேரம், 16 மணி நேரம் என்று ஓடிவிட்டு நிற்கும். சிலதில் அந்த நிறுத்தமும் கிடையாது, ஒயர் இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த 14 மணி நேரம் என்பது சுத்தமாகக் காலியான பேட்டரிக்குப் போட்ட கணக்கு. உங்கள் ஸ்கேனர் 150 மில்லிஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்துக்கு 450 எம்ஏஎச் செலவு. சார்ஜில் கொஞ்சம் வீணாகும் என்பதால் திருப்பி ஏற்ற 630 போல வேண்டும். 200 மில்லிஆம்பில் ஏற்றினால் மூன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு காலைவரை ஏறுவதெல்லாம்? வெறும் சூடு. காலையில் ஸ்கேனரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், கதகதவென்று இருந்தால் அதுதான்.

ஆகவே முதல் வேலை, ஸ்கேனருக்குள் சார்ஜ் பண்ணுவதை நிறுத்துங்கள். பேட்டரியை வெளியே எடுத்து, தனிச் சார்ஜரில் போடுங்கள். எல்லாச் சார்ஜரும் ஆகாது. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனிக்கும் வகை வேண்டும். நான்கு இடத்துக்கும் நான்கு விளக்கு தனித்தனியாக எரிகிறதா, மூன்று பேட்டரி மட்டும் போட்டாலும் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். நிறையும் நேரத்தில் இந்த வகைப் பேட்டரியின் வோல்ட் உச்சிக்குப் போய், பிறகு ஒரு பொடி அளவு இறங்கும், சுமார் 5 மில்லிவோல்ட். நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைப் பிடித்து நிறுத்திவிடும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். மெதுவாக ஏற்றினால்தான் பேட்டரிக்கு நல்லது என்று நினைக்கிறோம். ரொம்ப மெதுவாக ஏற்றினால் அந்த 5 மில்லிவோல்ட் இறக்கம் தெளிவாகத் தெரியாது, சார்ஜரும் அதைத் தவறவிட்டுவிடும். 2000 எம்ஏஎச் பேட்டரிக்கு 1000 மில்லிஆம்ப் போல ஏற்றும் சார்ஜர் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடித்து, சரியான இடத்தில் நிற்கும். முடியும்போது கை பொறுக்கும் அளவு சூடு இருக்கும், அது பரவாயில்லை. தொட முடியாத சூடு என்றால் அந்தச் சார்ஜரை நம்ப வேண்டாம்.

நம் ஊர்ச் சூட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி 40, 45 டிகிரியைத் தாண்டிவிட்டால் சார்ஜைச் சரியாக ஏற்றுக்கொள்வதில்லை. துத்தநாகக் கூரை போட்ட வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சார்ஜில் போட்டால் பாதிச் சூடு ஏற்கெனவே தயாராக இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல், சிமெண்டுத் தரையில், காற்றோட்டமாக வைத்துப் போடுங்கள். மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு டவுனுக்குப் போய், வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

இனி பசார் மாலாம் பேட்டரி. டபுள் ஏ அளவில் 4800 எம்ஏஎச் நிக்கல் பேட்டரி உலகத்திலேயே கிடையாது. அந்த உடம்புக்குள் அடைக்க முடிந்த உச்சம் 2700, 2800 தான். லேபிளில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையில் ஏமாற்றுவது கஷ்டம். அடுப்படித் தராசில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான டபுள் ஏ நிக்கல் பேட்டரி ஒன்று 26 முதல் 30 கிராம் வரை இருக்கும். உங்கள் 4800 இருபது கிராம்கூடத் தேறாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதைவிடப் பெரிய கெடுதல், இரண்டு புதுசையும் இரண்டு பழசையும் ஒன்றாகப் போட்டது. நான்கும் வரிசையாக இணைந்திருக்கின்றன, நான்கிலும் ஒரே மின்சாரம்தான் ஓடுகிறது. ஒன்று முதலில் காலியாகிவிட்டால் ஸ்கேனர் உடனே நிற்காது, மற்ற மூன்றின் பலத்தில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் காலியான பேட்டரியின் துருவமே மாறிப்போகும், பாசிட்டிவ் நெகட்டிவாகிவிடும். இப்படி ஒரு தடவை ஆனாலே அதற்கு அடி பலம்தான். நான்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்குங்கள். மேலே மார்க்கர் பேனாவால் ஒரே எழுத்தைப் போடுங்கள். இரண்டாவது செட் வாங்கினால் அதற்கு வேறு எழுத்து. செட்டைக் கலைக்காதீர்கள், டிவி ரிமோட்டுக்குப் பேரப்பிள்ளை ஒன்றை உருவிக்கொண்டு போவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது நிக்கல் காட்மியம் காலத்து யோசனை. அந்தப் பேட்டரிக்கு அதில் அர்த்தம் இருந்தது. பாதியில் பாதியில் சார்ஜ் பண்ணினால் அது பாதியையே பழகிக்கொள்ளும் என்பார்கள். மெட்டல் ஹைட்ரைடுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. தினமும் சுத்தமாகக் காலியாக்கினால், மேலே சொன்ன துருவம் மாறும் விபத்துக்கு நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகும். முதல் பீப் கேட்டதும் அணையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சார்ஜரில் ‘ரிஃப்ரெஷ்’ பொத்தான் இருந்தால் அதை ஓட்டுங்கள். அது ஒவ்வொன்றையும் தனியாக இறக்கி ஏற்றுவதால் ஆபத்தில்லை.

எதை வாங்குவது? பெரிய எண்ணைத் தேடாதீர்கள். தானாகச் சார்ஜ் இறங்குவது குறைவான வகை ஒன்று இருக்கிறது. 2005-ல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது, இப்போது பானசோனிக் விற்கிறது. வேறு கம்பெனிகளும் அதே வகையைச் செய்கின்றன, ‘ரெடி டு யூஸ்’ என்று அட்டையில் போட்டிருக்கும். அதன் சாதாரண வகை 2000 எம்ஏஎச் அளவு, அதற்குக் கம்பெனி சொன்ன கணக்கு 2100 தடவை சார்ஜ். அதே பெயரில் வரும் 2500 அளவுக்கு 500 தடவைதான். அடைப்பது கூடக் கூட ஆயுள் குறைகிறது. தினமும் மூன்று மணி நேரம் கேட்கிற உங்களுக்கு 2000 தாராளம், 150 மில்லிஆம்ப் கணக்கில் பதின்மூன்று மணி நேரம் வரும். பழைய வகை நம் சூட்டில் மேசை மேல் சும்மா கிடந்தாலே ஒரு மாதத்தில் கணிசமாக இறங்கிவிடும். சாயங்காலம் இடி இடித்துத் தோட்டமே இருட்டாகும் நாளில்தான் ஸ்கேனர் தேவைப்படும், அன்றைக்குப் பார்த்து ஸ்பேர் செட் காலியாக இருக்கும். இந்த வகையில் அந்த ஏமாற்றம் இல்லை.

லித்தியம் பற்றிக் கேட்டீர்கள். டபுள் ஏ வடிவத்தில், 1.5 வோல்ட் தரும் சார்ஜ் லித்தியம் பேட்டரி இப்போது நிறைய வருகிறது. டார்ச் லைட்டுக்குப் போடுங்கள், ஸ்கேனருக்கு வேண்டாம். லித்தியத்தின் சொந்த வோல்ட் 3.7. அதை 1.5 ஆக இறக்க உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் வேகவேகமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இரைச்சல், இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் ரிசீவருக்குக் கேட்காமல் இருக்குமா? பக்கத்துச் சத்தமான நிலையங்கள் வரும். மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் மெலிந்த குரல்கள் இரைச்சலில் முங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, அதன் பக்கத்தில் அந்தப் பேட்டரியில் எரியும் டார்ச்சைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இன்னொன்று, இந்தப் பேட்டரி கடைசிவரை 1.5 காட்டிவிட்டுத் திடீரென்று நிற்கும். பீப் அடித்து எச்சரிக்க ஸ்கேனருக்கு அவகாசமே இருக்காது.

பேட்டரி அறையைத் திறக்கும்போது உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் அது பேட்டரி வகையைச் சொல்வதற்கு, சிலதில் மெனுவில் இருக்கும். அல்கலைன் என்று வைத்துவிட்டு நிக்கல் போட்டால் கோடு தப்பாகக் காட்டும். ஒன்று 1.5 வோல்ட், மற்றது 1.2 அல்லவா. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பி, நிக்கல் என்று வைத்துவிட்டு அவசரத்துக்குச் சாதாரண அல்கலைன் பேட்டரியைப் போட்டு ஒயரையும் செருகினால், சார்ஜ் ஏறக் கூடாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

அதே அறையில் ஸ்பிரிங் முனைகளையும் பாருங்கள். நம் ஈரக் காற்றுக்கு அவை மங்கிப்போகும். அழிரப்பரால் தேய்த்தாலே போதும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது ஒழுகிய அல்கலைன். பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது அடாப்டரில் ஓட்டுவதானால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள். இடி தொடங்கினால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரிக்கு மாறுங்கள், கூரையில் ஏரியல் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். திரை விளக்கை எப்போதும் எரியவிடாதீர்கள், இயர்போன் போட்டுக் கேளுங்கள். யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திறந்து கிடந்து உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தால் அந்த இரைச்சலுக்கும் பேட்டரிதான் கூலி கொடுக்கிறது. அப்புறம், கேட்பது அமெச்சூர் அலைவரிசையோடு நிற்கட்டும். போலீஸ் மாதிரி மற்றவர் பேச்சை ஒட்டுக்கேட்பது 1998-ம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் வரும் சங்கதி.

கையில் இருக்கும் பழைய பேட்டரிகளில் எது தேறும் என்று தெரிய வேண்டுமா? ஆலையில் இருந்தவர், மல்டிமீட்டர் நிச்சயம் இருக்கும். 4.7 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், சில சென்தான். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் பண்ணி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டுங்கள். சுமார் 250 மில்லிஆம்ப் ஓடும். மாட்டிய உடனே மீட்டர் 1.2-க்குக் கீழே சரிந்தால் அதன் தடை ஏறிவிட்டது. அப்படிக் கீழே போகாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, 1.0 வோல்ட் தொடும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கழற்றிவிடுங்கள். 2000 எம்ஏஎச் பேட்டரி புதிதாக இருந்தால் எட்டு மணி நேரத்தை நெருங்கும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே என்றால் ஸ்கேனருக்கு ஆகாது, சுவர்க் கடிகாரத்துக்குப் போடலாம். ஒரு மணி நேரம்கூட வராததைத் தோட்டத்துக் குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு வைத்து, டவுன் பக்கம் போகும்போது மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.