கருத்தடை செய்த பூனை கொழுக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலும் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சாப்பாடு வைக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

நாங்கள் கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம். எங்கள் கடுவன் கறுப்பனுக்கு ஏழு மாதத்தில் கருத்தடை செய்தோம். மிருக வைத்தியர் அன்றே சொன்னார்: இனி இவனுக்கு முன்பைவிடக் கால்வாசி குறைவாகப் போதும், ஆனால் பசி சில நாட்களிலேயே கூடிவிடும், கொழுக்கும்வரை பார்த்திருக்காமல் இன்றிலிருந்தே அளந்து வையுங்கள் என்று. நானும் அளந்துதான் வைத்தேன். ஒரு வருடம் கழித்து உரப்பையில் போட்டு மீன்காரரின் தொங்கு தராசில் கொழுவினால் 6 கிலோ 200! தடவினால் விலா எலும்பு கையில் படவில்லை. மேலிருந்து பார்த்தால் இடுப்பே தெரியவில்லை.

  

கறுப்பன் கொழுத்ததற்குக் காரணம் அம்மா. அவன் காலைச் சுற்றினால் போதும், சூடைமீன் குழம்பில் சோறு பிசைந்து வைப்பார். இரவில் பால்மாவும் கரைத்து வைப்பார். நான் சத்தம் போட்டேன். "பசியெண்டு கேக்கிற வாய்க்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது பிள்ளை" என்றார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அவர். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மனுசருக்கே சாப்பாடில்லாத ஊரில் பூனைக்கு டயட்டா என்று யாராவது எழுத வேண்டாம். கொழுத்த பூனைக்குச் சர்க்கரை வியாதி வரலாம், கடுவனுக்குச் சிறுநீர் அடைக்கலாம். அது படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஒரு வழி பிடித்தேன். வைத்தியர் சொன்ன 55 கிராம் பூனைத் தீனைக் காலையில் நிறுத்து, ஒரு பேணியில் போட்டு அம்மா கையிலேயே கொடுத்துவிட்டேன். கறுப்பன் எத்தனை தரம் கேட்டாலும் கொடுக்கலாம், ஆனால் பேணியிலிருந்து மட்டும். சோறும் பாலும் நின்றன. பின்னேரம் பத்து நிமிடம் கயிற்றில் துணி கட்டி ஓடவிடுவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீன்காரரின் தராசு.

எட்டு மாதத்தில் 5 கிலோ 100. பேணி முடிந்தால் அம்மா அதைக் கவிழ்த்துத் தட்டி அவனுக்கே காட்டுகிறார்: "பார் ராசா, முடிஞ்சுது. நாளைக்கு."