லட்லோ, 1914: கொலராடோ நிலக்கரி வேலைநிறுத்தம் – கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் தென்பகுதியில் 1913 செப்டம்பர் 23 அன்று நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று அவர்களுடைய லட்லோ கூடார முகாம் சுடப்பட்டு எரிக்கப்பட்டது. இது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கூலி உயர்வு கேட்டுத்தானே ஸ்ட்ரைக்? அதற்கா இவ்வளவு துப்பாக்கி?

மொத்தம் ஏழு கோரிக்கைகள். அவற்றில் கூலி உயர்வு ஒன்றுதான். எட்டு மணி நேர வேலை, தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் எடை சரிபார்ப்பாளர், விரும்பிய கடையில் பொருள் வாங்கும் உரிமை போன்றவை கொலராடோ சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தவை. சட்டத்தை அமல்படுத்தச் சொல்லித்தான் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிறுவனங்கள் கடைசிவரை மறுத்தது சங்க அங்கீகாரத்தை. சங்கம் உள்ளே வந்துவிட்டால் மற்ற ஆறையும் தர வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: ஐயா, எடையில் ஏமாற்றினார்கள் என்று படித்தேன். எப்படி?

கூலி நாள் கணக்கில் இல்லை, டன் கணக்கில். வெட்டியவர் தன் எண் பொறித்த வில்லையை வண்டியில் மாட்டி மேலே அனுப்புவார். அங்கே நிறுவனத்தின் ஆள் எடை போட்டு அந்த எண்ணுக்கு நேரே எழுதுவார். வெட்டியவர் அப்போது நிலத்துக்கு அடியில் இருப்பார், தராசைப் பார்க்க வழியில்லை. சட்டப்படி ஒரு டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. ஆனால் 2,200 பவுண்டு வெட்டினால்தான் ஒரு டன் என்று எழுதினார்கள். இதனால்தான் தங்கள் ஆள் ஒருவர் தராசருகே நிற்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இதைவிடக் கொடியது கூலியில்லா வேலை. தண்டவாளம் போடுவது, கூரைக்கு முட்டு மரம் கொடுப்பது, இடிந்து விழுந்த கல்லை அள்ளுவது எதற்கும் பணம் கிடையாது. முட்டுக் கொடுக்கும் நேரத்தில் கரி வெட்டினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், முட்டுக் கொடுக்காமலே வெட்டத் துணிவார்கள், கூரை தலையில் இறங்கும். அந்த ஆண்டுகளில் கொலராடோ சுரங்கங்களின் இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1910இல் மட்டும் பிரிமேரோ, ஸ்டார்க்வில், டெலகுவா ஆகிய மூன்று சுரங்கங்களிலும் வெடிவிபத்து நடந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கேள்வி: ஷெரிப் (வட்டாரக் காவல் தலைவர்), நீதிமன்றம் எல்லாம் இருந்தனவே, புகார் கொடுக்கவில்லையா?

வீடு, கடை, மருத்துவர், பள்ளி எல்லாமே நிறுவனத்தின் கையில். ஊர் நுழைவாயிலில் நிறுவனத்தின் காவலாளிகள். ஹுவர்ஃபானோ வட்டாரத்தில் ஷெரிப் ஜெஃப் ஃபார் நிறுவனத்தின் ஆளாகவே நடந்துகொண்டார். சுரங்கக் காவலாளிகளுக்குத் துணை ஷெரிப் பதவியும் கொடுத்தார்கள். உங்களை அடித்தவனே சட்டத்தின் பிரதிநிதி என்றால் புகாரை யாரிடம் கொடுப்பது? துப்பாக்கி பின்னால் வந்தது. ஒடுக்குமுறை இந்த ஏற்பாட்டிலேயே தொடங்கிவிட்டது.

கேள்வி: கூடாரத்துக்கு ஏன் போனார்கள்?

வீடு நிறுவனத்துடையது, வேலை நின்றால் வீடும் போகும். முதல் நாளே மழையிலும் பனியிலும் குடும்பங்களை வெளியேற்றினார்கள். சங்கம் இதை எதிர்பார்த்து முன்கூட்டியே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. இடத் தேர்வும் யோசித்துச் செய்ததே: சுரங்கங்களுக்குப் போகும் பள்ளத்தாக்குகளின் வாயில். கருங்காலிகளை, அதாவது வேலைநிறுத்தத்தை உடைக்கக் கொண்டுவரும் ஆட்களை, ஏற்றிவரும் ரயில் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

லட்லோதான் பெரிய முகாம், சுமார் 1,200 பேர். கிரேக்கர், இத்தாலியர், மெக்சிகர், ஸ்லாவியர் என்று இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். ஒன்றுசேரக் கூடாது என்றே கலந்து வேலைக்கு வைக்கப்பட்டவர்கள், ஒரே முகாமில் குளிர்காலம் முழுவதையும் தாண்டினார்கள். சங்கம் கொடுத்தது தொழிலாளிக்கு வாரம் 3 டாலர், மனைவிக்கு 1, பிள்ளைக்கு அரை டாலர்.

கேள்வி: கவச கார் உண்மையா?

உண்மை. பால்ட்வின்–ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் ஓட்டினார்கள். இந்தப் பகுதியின் பெரிய சுரங்க நிறுவனமான கொலராடோ ஃபியூயல் அண்ட் அயர்னுக்கு (சி.எஃப்.ஐ.) பியூப்லோவில் இருந்த ஆலையில் காருக்கு இரும்புத் தகடு அடித்து, மேலே இயந்திரத் துப்பாக்கி பொருத்தினார்கள். 1913 அக்டோபரில் அதைக்கொண்டு ஃபோர்ப்ஸ் முகாமின் கூடாரங்களைச் சுட்டார்கள். குண்டுக்குப் பயந்துதான் மற்ற முகாம்களிலும் கூடாரத் தரைக்கு அடியில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள்.

கேள்வி: மாநிலப் படை நடுநிலையாக வந்தது என்கிறார்களே?

வந்தபோது தொழிலாளர்களே கொடி பிடித்து வரவேற்றார்கள். கெட்டது எப்படி என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆளுநர் எலியாஸ் அமன்ஸ் 1913 அக்டோபர் கடைசியில் மாநிலப் படையான நேஷனல் கார்டை அனுப்பினார். வெளி மாநிலக் கருங்காலிகளைக் கொண்டுவர முதலில் அனுமதி இல்லை. சில வாரங்களில் அந்தத் தடையையும் ஆளுநர் விலக்கிக்கொண்டார். படையின் தலைவர் ஜான் சேஸ் விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்தார். 1914 ஜனவரியில், சிறைவைக்கப்பட்ட தொழிலாளர் இயக்கத் தலைவி மதர் ஜோன்ஸை விடுவிக்கக் கோரி டிரினிடாட்டில் ஊர்வலம் போன பெண்கள் மீது குதிரைப்படையை ஏவினார்.

அடுத்தது பணம். மாநிலக் கஜானா காலி. வசந்த காலத்தில் பெரும்பாலான படைவீரர்களைத் திரும்ப அழைத்தார்கள். மிச்சமிருந்த பிரிவுகளில் சுரங்கக் காவலாளிகளும் நிறுவன ஊழியர்களும் சேர்ந்தார்கள். சம்பளம் நிறுவனத்தின் பணம், உடுப்பும் துப்பாக்கியும் மட்டும் மாநிலத்தினுடையவை. ஏப்ரல் 20 அன்று லட்லோவைச் சுற்றி நின்றது இந்தப் படைதான்.

கேள்வி: அன்று நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முந்தைய நாள் கிரேக்கர்களின் ஈஸ்டர். காலையில், முகாமில் ஒரு ஆளைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி, படையினர் முகாம் தலைவர் லூயிஸ் டிகாஸை ரயில் நிலையத்துக்குப் பேச அழைத்தார்கள். பேச்சு நடக்கும்போதே படை மேட்டில் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்துவதை முகாமில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆயுதம் வைத்திருந்த தொழிலாளர்கள் சுடுதலை முகாமிலிருந்து விலக்க ரயில் பாதையோரம் ஓடினார்கள். முதல் குண்டு யாருடையது என்பதில் இன்றும் வாக்குமூலங்கள் மோதுகின்றன. ஆனால் பகல் முழுக்க இயந்திரத் துப்பாக்கி கூடாரங்களைத் துளைத்தது என்பதில் சந்தேகமே இல்லை.

மாலையில் ஒரு சரக்கு ரயில் குறுக்கே வந்து நின்றது. அதன் மறைவில் பலர் கிழக்கே இருந்த குன்றுகளுக்குத் தப்பினார்கள். அதற்குப் பிறகுதான் கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் இருந்த பள்ளத்தில் 2 பெண்களும் 11 குழந்தைகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். குண்டிலிருந்து காக்கத் தோண்டிய பள்ளம், மேலே தீப்பிடித்ததும் காற்றில்லாத பொறியானது. மேரி பெட்ரூச்சி என்ற தாய் உயிர் பிழைத்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் பிழைக்கவில்லை.

டிகாஸ் பிடிபட்டார். லெப்டினன்ட் கார்ல் லிண்டர்ஃபெல்ட் துப்பாக்கிக் கட்டையால் அவர் மண்டையை உடைத்தார். பிறகு டிகாஸ் முதுகில் சுடப்பட்டு இறந்தார்.

கேள்வி: தீ தற்செயல் என்று படையே சொன்னதாமே?

முழுதாகப் படியுங்கள். தொடக்கம் தற்செயலாக இருக்கலாம் என்று சொன்ன அதே ராணுவ விசாரணை, படையினர் வேண்டுமென்றே தீயைப் பரப்பினார்கள் என்றும் கொள்ளையடித்தார்கள் என்றும் ஒப்புக்கொண்டது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது பழைய தந்திரம்.

கேள்வி: தொழிலாளர்களும் கொலை செய்தார்கள் அல்லவா?

செய்தார்கள், மறைக்கத் தேவையில்லை. வேலைநிறுத்தக் காலத்தில் காவலாளிகளும் கருங்காலிகளும் கொல்லப்பட்டார்கள். லட்லோவுக்குப் பிறகு பத்து நாள், ஆயுதமேந்திய தொழிலாளர்கள் சுரங்கங்களைத் தாக்கி எரித்தார்கள். கூட்டாட்சிப் படையை அதிபர் வில்சன் அனுப்பிய பிறகே அது நின்றது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல. ஒரு பக்கத்தில் நின்றது அரசின் உடுப்பு.

கேள்வி: யாருக்குத் தண்டனை?

படையினரை ராணுவ நீதிமன்றமே விசாரித்து விடுவித்தது. லிண்டர்ஃபெல்ட் டிகாஸைத் தாக்கியதாகத் தீர்ப்பு வந்தது, ஆனால் வெறும் கண்டனத்தோடு முடிந்தது. மறுபக்கம் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மீது கொலை வழக்கு. சங்கத் தலைவர் ஜான் லாசனுக்கு 1915இல் ஆயுள் தண்டனை. 1917இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கேள்வி: ராக்ஃபெல்லர்?

எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரைத்தான் கேட்கிறீர்கள். அவர் குடும்பத்திடம் சி.எஃப்.ஐ.யின் சுமார் 40 சதவீதப் பங்கு. லட்லோவுக்கு இரண்டு வாரம் முன்பு நாடாளுமன்றக் குழுவின் முன் நிர்வாகத்தின் பக்கமே நின்றார். பின்னர் ஐவி லீ என்ற விளம்பர நிபுணரையும், கனடாவின் பிற்காலப் பிரதமர் மெக்கன்சி கிங்கையும் அமர்த்தினார். கிங் வகுத்த திட்டத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் உண்டு, சுதந்திரமான சங்கம் கிடையாது. சங்கம் நிதி தீர்ந்து 1914 டிசம்பரில் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. சி.எஃப்.ஐ. அதை அங்கீகரித்தது 1933இல்தான்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் 21 பேர் என்கிறார்கள், இன்னொன்றில் 199. எது சரி?

இரண்டும் வேறு கணக்கு. 21 என்பது ஏப்ரல் 20 அன்று லட்லோவில் மட்டும் இறந்தவர்கள்; அதுவே 19 முதல் 25 வரை மாறும். வேலைநிறுத்தம் முழுவதுக்குமான மதிப்பீடுகள் 69இலிருந்து 199 வரை விரிகின்றன. எந்த எண்ணைப் பார்த்தாலும் மூன்றைச் சரிபாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பகுதி, படையினரும் காவலாளிகளும் கருங்காலிகளும் சேர்ந்ததா. குறிப்பாக அந்தப் பத்து நாள் மோதலைச் சேர்த்தார்களா என்று பாருங்கள்.