மைக்ரோகண்ட்ரோலரில் 1200 பாட் மோடம்: சில கேள்விகள், சில பதில்கள்

கே: பெல் 202க்கு (நொடிக்கு 1200 பிட்டை ஒலியாக அனுப்பும் மோடம் முறை; 1க்கு 1200 ஹெர்ட்ஸ் 'மார்க்', 0க்கு 2200 ஹெர்ட்ஸ் 'ஸ்பேஸ்') இரண்டு டோன்தானே வேண்டும்? ஒரு பின்னில் சதுர அலையாகவே அனுப்பினால் என்ன?

மேசைமேல் இரண்டு போர்டுகளை ஒயரால் இணைத்துப் பார்க்கும்வரை தாராளமாக அனுப்பலாம். ஆனால் 1200 ஹெர்ட்ஸ் சதுர அலையோடு 3600 ஹெர்ட்ஸும் மூன்றில் ஒரு பங்கு வீச்சில் கூடவே போகும். அதைவிடச் சைன் அலையே மேல். அது ஒன்றும் பெரிய வேலையும் இல்லை.

ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலரை 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, 8 பிட் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தால் வோல்டேஜைக் காட்டும் முறை) வையுங்கள். டைமர் 255 வரை எண்ணி மீண்டும் 0க்குத் திரும்பும் ஓவர்ஃப்ளோ நொடிக்கு 62,500 வரும். ஒவ்வொன்றிலும் ஒரு 16 பிட் ஃபேஸ் எண்ணோடு 1200 ஹெர்ட்ஸுக்கு 1258, 2200 ஹெர்ட்ஸுக்கு 2307 கூட்டுங்கள். அதன் மேல் 8 பிட்டைக் கொண்டு 256 இடமுள்ள சைன் அட்டவணையில் மதிப்பை எடுத்துப் பிடபிள்யூஎம்முக்குக் கொடுங்கள். 52 ஓவர்ஃப்ளோ ஒரு பிட். துடிப்புகளை வடிகட்டி அலையாக்க, பின்னிலிருந்து 1 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 47 நானோஃபாரட். டோன் மாறும்போது கூட்டும் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஃபேஸைப் பூஜ்யமாக்கினால் அலை அந்த இடத்தில் வெட்டுப்பட்டுக் குதிக்கும்.

கே: ஒயரில் ஒழுங்காக வருகிறது. ரேடியோவின் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து எடுத்தால் குப்பைதான் வருகிறது. காதுக்கு டோன் தெளிவாகவே கேட்கிறது.

எஃப்எம் ரிசீவரின் டி-எம்ஃபசிஸ், டோன் உயர உயர வீச்சைக் குறைக்கும். அனுப்பும் பக்கத்தில் அதற்கு ஈடுகட்டாமல் விட்டிருந்தால், 2200 ஹெர்ட்ஸ் 1200இன் பாதி அளவுக்குத்தான் வந்து சேரும். காதுக்கு இது தெரியாது. வீச்சை நம்பும் டிகோடர் தடுமாறும்.

அதனால் வீச்சையே தூக்கி எறியுங்கள். 9600 ஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்து, நடுமட்டத்துக்கு மேலா கீழா என்ற ஒரே பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை 4 சாம்பிள் முந்தைய பிட்டோடு எக்ஸார் (இரண்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) செய்யுங்கள். 1200 ஹெர்ட்ஸுக்கு 4 சாம்பிள் என்பது சரியாக அரைச் சுற்று. எப்போதும் 1 வரும். 2200க்கு அது கிட்டத்தட்ட முழுச் சுற்று. ஆறில் ஒரு முறைதான் 1. கடைசி 8 விடைகளில் உள்ள 1களை எண்ணினால் மார்க்குக்கு 8, ஸ்பேஸுக்கு 1 அல்லது 2. 5க்கு மேல் என்றால் மார்க். பெருக்கலே இல்லை!

ஒரே நிபந்தனை, நடுமட்டம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் பாதி வோல்டேஜ் வைத்து, சிக்னலை 1 மைக்ரோஃபாரட் வழியாகக் கொடுங்கள். அப்படியும் 8 பிட் அளவீட்டின் பாதியான 128ஐ நடுமட்டம் என்று நம்பாமல், ஓடும் சராசரியைக் கழிப்பது நல்லது.

கே: டைமர் டிரிகர் வைத்து 9600க்கு ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) அமைத்தேன். எந்த டோன் கொடுத்தாலும் ஸ்பேஸ் என்றே சொல்கிறது.

ஏடிசியின் ப்ரீஸ்கேலர் (கிளாக்கை வகுக்கும் எண்) 128இல் இருக்கிறதா பாருங்கள். அப்போது ஏடிசி கிளாக் 125 கிலோஹெர்ட்ஸ். ஆட்டோ டிரிகரில் ஒரு அளவீட்டுக்கு 13.5 சுற்று, அதாவது 108 மைக்ரோநொடி. உங்கள் டிரிகரோ 104 மைக்ரோநொடிக்கு ஒன்று. அளவீடு முடியுமுன் வரும் டிரிகர் கணக்கில் சேராது, ஆக ஒன்று விட்டு ஒன்றுதான் நடக்கிறது: 4800. அந்த வேகத்தில் 4 சாம்பிள் 1200க்கு முழுச் சுற்றாகிவிடுவதால் எக்ஸார் எப்போதும் 0.

ஏடிசி இன்டரப்டில் ஒரு பின்னை மாற்றி மாற்றிப் போட்டு ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். 9600 சாம்பிளுக்கு வர வேண்டிய 4800 ஹெர்ட்ஸுக்குப் பதில் 2400 தெரிந்தால் இதேதான். ப்ரீஸ்கேலரை 64 ஆக்குங்கள். 10 பிட் துல்லியம் கொஞ்சம் போகும், நமக்கு 8 பிட்டே அதிகம். டைமர்1இன் கம்பேர் பி டிரிகர் என்றால் அதன் ஃப்ளாகை ஒவ்வொரு முறையும் நீங்களே அழிக்க வேண்டும். மறந்தால் ஒரே ஒரு சாம்பிளோடு நின்றுவிடும்.

கே: ஒவ்வொரு செய்தியிலும் முதல் சில எழுத்துகள் காணாமல் போகின்றன.

டிரான்ஸ்மிட்டர் முழுதாக எழவும், எதிர்ப்பக்கத்தில் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் சுற்று) திறக்கவும் நேரம் ஆகும். பிடிடியை (ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றும் பொத்தான்) அழுத்தியபின் 300 மில்லிநொடி மார்க் டோன் மட்டும் அனுப்பிவிட்டுத் தரவைத் தொடங்குங்கள். திறக்கும் நேரத்து இரைச்சலும் எழுத்தாகப் பதியலாம். செய்திக்கு முன் 2 அடையாள பைட்டும், கடைசியில் 16 பிட் சிஆர்சியும் (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) வையுங்கள்.

கே: கிரிஸ்டல் இல்லாமல், உள் ஆஸிலேட்டரில் ஓடுமா?

வேண்டாம். தொழிற்சாலை அளவுத்திருத்தப்படி அது 10% வரை விலகலாம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஸ்டார்ட் பிட், 8 தரவு பிட், ஒரு ஸ்டாப் பிட்டாகப் போவதால், ஸ்டார்ட் பிட்டின் தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தள்ளி ஸ்டாப் பிட்டைப் படிக்கிறோம். 5% விலகினாலே அரை பிட் நகர்ந்துவிடும். டோன்களும் கூடவே நகரும்.